ரிச்சி தெருவில் உயிர் பிழைத்த லேப்டாப்

ஜெர்மனியில் லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டால் பெரும்பாலும் கதை அதோடு முடிந்தது. வாரண்டி இருந்தால் போர்டையே மாற்றித் தருவார்கள். இல்லாவிட்டால் கோளாறு என்ன என்று பார்த்துச் சொல்லவே ஒரு கட்டணம், அப்புறம் புதிதே வாங்கிவிடலாம் என்று நினைக்க வைக்கும் ஒரு மதிப்பீடு. போர்டில் எந்த உதிரி செத்தது என்று தேடி, அதை மட்டும் மாற்றுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். தேடிப் பிடிக்க வேண்டும். சென்னையில் அதற்கென்று ஒரு தெருவே இருக்கிறது. இந்த முறை ஊருக்குப் போனபோது அங்கே போகவேண்டியதாகிவிட்டது.

பெரம்பூரில் அம்மா வீடு. ராத்திரி மூடி வைத்த லேப்டாப் காலையில் எழவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கில்லை, விசிறியில்லை, மூச்சே இல்லை. "நைட்டு கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்துச்சுல்ல, அதான்" என்று அம்மா அப்போதே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

கடைக்குத் தூக்குவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. நிஜமாகவே ஆன் ஆகவில்லையா, இல்லை திரை மட்டும் இருட்டாக இருக்கிறதா? கேப்ஸ் லாக்கை அழுத்தி அதன் விளக்கு எரிகிறதா பாருங்கள். அறையை இருட்டாக்கி, திரைமேல் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் போர்டு உயிரோடுதான் இருக்கிறது, போனது திரையின் பின்விளக்கு. ஏதாவது விளக்கு விட்டு விட்டு மின்னினால் எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். டெல், எச்பி போன்றவை கோளாறு எங்கே என்பதை அந்த எண்ணிக்கையில்தான் சொல்கின்றன. அப்புறம், சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது. போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து, மாட்டிக்கொண்டு நின்ற கன்ட்ரோலர் (பவரைக் கவனிக்கும் சிப்) மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பல லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும். சில திங்க்பேட்களில் இதற்கென்றே அடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு.

என்னுடையது எதற்கும் மசியவில்லை. ஒரு துப்பு மட்டும் கிடைத்தது. சார்ஜர் பெட்டியில் இருக்கும் சின்ன விளக்கு, சார்ஜர் முனையை லேப்டாப்பில் செருகியதும் அணைந்தது. உருவினால் திரும்ப எரிந்தது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாயிற்றே, வோல்டேஜ் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஜெர்மனியிலும் இங்கே மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடா, அமெரிக்காவில்தான் 120. அங்கிருந்து வருகிறவர்களும் சார்ஜர் மேல் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கன்வர்டரைச் சுமக்க வேண்டாம். வில்லங்கம் பிளக்கில்தான். ஐரோப்பாவின் தட்டையான இரண்டு முள் பிளக்கின் முள் 4 மில்லிமீட்டர் தடிமன். நம்மூர் சின்ன சாக்கெட் 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான முள்ளுக்குச் செய்தது. போகத்தான் போகும், ஆனால் ஆடும். ஆடினால் பொறி பறக்கும். தடித்த வட்ட பிளக்கோ அழுத்தினால் நுழைந்துவிடும், எர்த் மட்டும் கிடைக்காது. உலோக உடம்புள்ள லேப்டாப்பில் கை வைத்தால் விறுவிறு என்று இருப்பது அதனால்தான். இதற்கு ஏர்போர்ட்டில் விற்கும் பல நாட்டு அடாப்டரெல்லாம் தேவையில்லை. சுவருக்கும் சார்ஜர் பெட்டிக்கும் நடுவில் வரும் வயர் தனியாகக் கழலும். இங்கே எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் "லேப்டாப் பவர் கார்டு" என்று கேட்டால் மூன்று முள் பிளக்கோடு நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். நான் எப்போதும் பயன்படுத்துவது அதைத்தான், அதனால் பழியை பிளக்கின்மேல் போட முடியவில்லை.

ரிச்சி தெரு அண்ணா சாலைக்குப் பக்கத்தில், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி இருக்கிறது. மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். பெயர்தான் ரிச்சி தெரு; சந்தை நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றிலும் பரவிக் கிடக்கிறது. தெருமுனையிலேயே "சார் லேப்டாப்பா, சர்வீஸா, டிஸ்ப்ளேயா" என்று ஆள் பிடிப்பார்கள். கூட வந்த சித்தி பையன் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முதலில் போனது ஏசி போட்ட, கண்ணாடிக் கதவு வைத்த கடை. கவுன்டரில் இருந்த பையன் வாங்கி, உள்ளே கொண்டுபோய், டீ குடிக்கிற நேரத்தில் திரும்பி வந்தான். "போர்டு போச்சு சார், மாத்தணும். முப்பத்திரெண்டாயிரம் ஆகும்." எதனால் போச்சு என்று கேட்டதற்கு, "ஷார்ட் சார்." எங்கே ஷார்ட் என்றதற்கு பதில் இல்லை. என் கணிப்பில் ஒரு சர்வீஸ் கடையை எடைபோட அந்தக் கேள்வி ஒன்றே போதும். எங்கே என்று சொல்லத் தெரியாதவர் தேடவே இல்லை.

"அண்ணா, வா, மாடிக்குப் போலாம்" என்றான் சித்தி பையன். குறுகலான படி, மேலே ஒரு சிறிய அறை. மேசையில் மைக்ராஸ்கோப், ஹாட் ஏர் கன், சுவரோரம் அடுக்கடுக்காகச் செத்த போர்டுகள். சார்ஜர் விளக்கு அணைகிற விஷயத்தைச் சொன்னதும், திறப்பதற்கு முன்பே "மெயின் லைன்ல ஷார்ட் சார். சார்ஜர் தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆகுது" என்றார் மேசைக்காரர்.

பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையை ஒரே ஒரு வோல்ட்டுக்குக் குறைத்து அந்த லைனில் கொடுத்தார். மீட்டரில் ஆம்பியர் மளமளவென்று ஏறியது. போர்டு மேல் ஐபிஏ என்கிற ஆல்கஹாலைத் தெளித்தார். எல்லா இடத்திலும் ஈரம் பளபளத்துக்கொண்டிருக்க, ஓர் ஓரத்தில் எள்ளளவு இடம் மட்டும் சட்டென்று காய்ந்தது. சூடு அங்கே. "வந்து பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார். மின்சாரத்தைச் சற்றே தேக்கி வைக்கும் குட்டி உதிரியான செராமிக் கெபாசிட்டர் ஒன்று, பக்கவாட்டில் மயிரிழை விரிசல்.

ஹாட் ஏரில் அதை எடுத்ததும் ஷார்ட் போய்விட்டது. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே அளவு கெபாசிட்டரைக் கழற்றி வைத்தார். 19 வோல்ட் கொடுத்து பட்டனை அழுத்தினார். மீட்டரில் 0.02 ஆம்பியர், அப்புறம் 0.3, 0.9, இறங்கி மறுபடி 1.2. "இப்படி ஏறி எறங்குனா பூட் ஆகுதுன்னு அர்த்தம் சார்." திரை அதற்குப் பிறகுதான் வந்தது.

கரண்ட் போய்ப் போய் வந்ததாலா அண்ணே என்று கேட்டேன். "இருக்கலாம். எங்கயாவது அடிபட்டு விரிசல் விட்டும் இருக்கலாம். பாத்துச் சொல்ல முடியாது." அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

கூலி 2,500 ரூபாய், ஒரு மாதம் கியாரண்டி, பில்லில் எழுதிக் கொடுத்தார். கார்டு மெஷின் கிடையாது, ஜீபே மட்டும். என்ஆர்ஐ கணக்கில் வெளிநாட்டு எண்ணை வைத்து யுபிஐ பயன்படுத்த 2023-இல் அனுமதி கொடுத்தபோது பட்டியலில் இருந்தவை 10 நாடுகள். சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், கனடா எல்லாம் இருந்தன, ஜெர்மனி இல்லை. சித்தி பையன் போனிலிருந்து கட்டிவிட்டு, அவனுக்கு நோட்டாகக் கொடுத்தேன்.

லேப்டாப்பை விட்டுவிட்டு வரச் சொன்னால், உங்கள் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ஆன் ஆகாத கோளாறைப் பார்க்க அது தேவையே இல்லை, பாஸ்வேர்டும் தேவையில்லை. போர்டை மாற்றினாலோ, லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸில் கை வைத்தாலோ, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து எடுக்கலாம் என்று இருந்தால், ஓடிபி வெளிநாட்டு சிம்முக்குப் போகும். ரோமிங் இல்லையென்றால் தொங்கவேண்டியதுதான். கிளம்புவதற்கு முன்பே எழுதி எடுத்துவருவது நல்லது.

கடைகள் பதினொரு மணிக்குத்தான் சூடுபிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். ஃபிளைட்டுக்கு முதல்நாள் போய் நிற்காதீர்கள். கெபாசிட்டர் பழைய போர்டிலேயே கிடைத்துவிடும். சார்ஜிங்கைக் கவனிக்கும் ஐசி (சிப்) மாதிரி ஏதாவது போயிருந்தால் கையிருப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரவழைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.