ரேடியேட்டர் சர்வீஸ் என்று பணம் வாங்கி வால்வைக் கழற்றிவிடுகிறார்கள்: மலைப்பாதையில் கார் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கார் வைத்திருப்பவர்களும் கோடை சீசனுக்கு மலை ஏறப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். அடிவாரத்தில் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில், என் காரின் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றித் தருவதாகச் சொல்லி முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். செய்தது என்னவென்றால், நன்றாக இருந்த தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூலண்டுக்குப் பதிலாகச் சாயத் தண்ணீரை ஊற்றி அனுப்பியதுதான். அந்த வண்டியில்தான் கண் ஆபரேஷன் முடிந்த என் அம்மாவைக் கோவையிலிருந்து கோத்தகிரிக்கு அழைத்து வந்தேன்.

குஞ்சப்பனை தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து (எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும்), அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினேன். பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. உதவிக்கு நின்ற ஒருவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாம் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அப்புறம் தெரிந்தவரின் ஜீப் ஒன்று வந்தது. கண்ணில் கட்டோடு இருந்த அம்மாவை அதில் ஏற்றி அனுப்பினேன்.

உண்மையில் கோளாறு அதற்கு முன்பே தெரிய ஆரம்பித்துவிட்டது, ஆனால் நேர் எதிராக. சர்வீஸ் முடிந்து வந்த நாளிலிருந்து, காலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் ஹீட்டரில் சூடான காற்று வரவில்லை. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது முள் அடியிலேயே கிடந்தது. டீசலும் கூடுதலாகக் குடித்தது. ஒர்க்‌ஷாப் உரிமையாளருக்குப் போன் போட்டுக் கேட்டேன். “ரேடியேட்டர் சூப்பரா வேலை செய்யுதுங்ணா, அதனாலதான் முள்ளு ஏற மாட்டேங்குது” என்றார். தெரிந்தே சொன்ன பொய் அது.

கோத்தகிரி மெக்கானிக் பிரித்துப் பார்த்ததும், “அண்ணா, உள்ள வால்வே இல்லைங்களே” என்றார். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்ன வால்வு. உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து அதைத் திறக்கும். பெரும்பாலான கார்களில் 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே திறக்க ஆரம்பிக்கும். அதுவரை எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்று தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாது. அதைக் கழற்றிவிட்டால் குளிரில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோலோ டீசலோ வீணாகும், எஞ்சின் தேய்மானமும் கூடும். “மலை ஏறுற வண்டிக்கு வால்வு தேவையில்லை” என்று சொல்லிக் கழற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வால்வு கெட்டுப்போனால் புதிது போட வேண்டும். கழற்றிவிடுவதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை.

வால்வு இல்லாத வண்டி எப்படி ஓவர்ஹீட் ஆனது என்று கேட்பீர்கள். ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பிரஷர் கன்னால் கிட்டத்தில் வைத்து அடித்திருக்கிறார்கள். அலுமினியத் தகடுகள் பட்டை பட்டையாக மடிந்து, காற்றுப் போகும் இடுக்கெல்லாம் அடைந்துவிட்டது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த சருகும் பூச்சியும் அப்படியே இருந்தன. உண்மையில் சுத்தம் செய்ய வேண்டிய இடமே அதுதான். இரண்டையும் கொஞ்சம் விலக்கி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கிச் சாதாரண ஹோஸ் தண்ணீரை மெதுவாக விட்டாலே போதும். மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. அதை யாரும் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

மூடி அற்ப விஷயம் இல்லை, அதுவும் மலையில். சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பிரஷரைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருப்பது 110 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் மேலே 0.9 அல்லது 1.1 என்று பிரஷர் அளவு (பார் கணக்கில்) போட்டிருக்கும். மாற்றும்போது அதே அளவில் வாங்குங்கள்.

அடுத்தது கூலண்ட். பச்சையாக இருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பச்சை நிறம் எதற்கும் சாட்சி இல்லை. மெக்கானிக் வடித்த தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து, இறுக மூடி, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் எடுத்துவிட்ட பழைய பிரிட்ஜின் பிரீசரில் வைத்தேன். காலையில் கல்லாக உறைந்திருந்தது. எத்திலீன் கிளைக்காலும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்த கூலண்ட் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். வீட்டு பிரீசர் மைனஸ் 18 தான். கிளைக்கால் விஷம், இனிப்பாகவும் இருக்கும். குழந்தைகளும் நாய்களும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடையில் கொட்டவும் வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தள் பக்கம் உறைபனி விழும் ராத்திரியில் இந்தச் சாயத் தண்ணீரோடு வண்டியை வெளியே நிறுத்தியிருந்தால்? தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். ரேடியேட்டரோ எஞ்சின் பிளாக்கோ விரிசல் விடலாம். தவிர, துருத் தடுப்பு மருந்து இல்லாத வெறும் தண்ணீர், அதுவும் போர்வெல் தண்ணீர் என்றால், உள்ளே உப்புப் படிந்து அலுமினியத்தை அரிக்கும்.

இனி யாரிடம் ரேடியேட்டர் வேலை கொடுத்தாலும் சீல் உடைக்காத கூலண்ட் கேனை நீங்களே வாங்கிப் போங்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் வகையாக இருக்கட்டும். வேறு வேறு வகைகளைக் கலந்தால் சில சமயம் கூழாகி அடைத்துக்கொள்ளும். ஆசிட் விட்டுக் கழுவலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செம்பும் பித்தளையுமாக இருந்த பழைய ரேடியேட்டர்களை முரட்டுத்தனமாகக் கழுவிப் பழகிய கை அது. இப்போது வருவது மெல்லிய அலுமினியம், இரு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க். கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் கையில் வாங்குங்கள். பில் கேளுங்கள்.

எனக்குக் கொடுத்தது வெறும் துண்டுச் சீட்டு. பணம் யூபிஐயில் போனதால் கட்டியதற்கு ஆதாரம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. புகார் போன பிறகு உரிமையாளர் அவராகவே கூப்பிட்டு, கூலண்ட் காசை மட்டும் திருப்பித் தருவதாகவும் புகாரை வாபஸ் வாங்கும்படியும் சொன்னார். வால்வு, மூடி, ரேடியேட்டர் செலவு முழுவதும் வந்தால்தான் பேச்சு என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. ஆணையத்துக்குக் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.