யூபிகீ 5 என்எஃப்சி: சாவிக்கொத்தில் ஐந்து வருடம்

ஸ்கூட்டர் சாவிக்கும் வீட்டுச் சாவிக்கும் நடுவே கறுப்பாக, தட்டையாக, பல்லே இல்லாத ஒரு சாவி என் கொத்தில் தொங்குகிறது. வாங்கிய புதிதில் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பூட்டோடதுடா?" என்றார். ஜிமெயிலோடது என்றேன். நம்பவில்லை. பெயர் யூபிகீ. பாஸ்வேர்டு போட்ட பிறகு, உள்ளே நுழைவது நான்தான் என்று கணக்குக்குக் காட்டும் சாவி.

நான் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் சீனியர் சைபர் செக்யூரிட்டி ஆர்கிடெக்ட். யார், எங்கிருந்து, எதற்குள் நுழையலாம் என்று வாடிக்கையாளர்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பது வேலை. அந்தப் படத்தை ஏன் அப்படியே கட்ட முடியாது என்று அவர்கள் சொல்வதைக் கேட்பது மீதி வேலை. எந்நேரமும் மேஜையில் இரண்டு மூன்று லேப்டாப் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாடிக்கையாளருடையது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு நான் மட்டும் எஸ்எம்எஸ் ஓடிபியோடு உட்கார்ந்திருப்பது உறுத்தவே, 2020இல் சொந்தக் காசில் இரண்டு வாங்கினேன். ஒன்று கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய்.

ஆடிட்டர் ஆபீஸில் டிஜிட்டல் கையெழுத்துக்கு வைத்திருக்கும் டோக்கனைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தூரத்துச் சொந்தம்தான் இது. எடை 3 கிராம். பேட்டரி இல்லை, திரை இல்லை. யூஎஸ்பியில் செருகியதும் உள்ளே நுழையும் நேரத்தில் நடுவிலுள்ள தங்க வட்டம் பச்சையாக மினுக்கும். விரல் வைத்தால் வேலை முடிந்தது. கைரேகை பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை, யார் விரலும் போதும். பக்கத்தில் நிஜமாகவே ஓர் ஆள் இருக்கிறாரா என்பதற்குத்தான் அந்தத் தொடுதல். ஆள் யார் என்பதற்குப் பின் நம்பர். அதை எட்டு முறை தொடர்ந்து தப்பாகப் போட்டால் சாவியின் லாகின் பகுதி பூட்டிக்கொள்ளும். அழித்துவிட்டுப் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். போனில் என்றால் செருக வேண்டாம், என்எஃப்சி என்ற குறுந்தூர வயர்லெஸ் வழியாகப் பேசும், போனின் முதுகில் ஒட்டிவைக்க வேண்டும். எந்த இடத்தில் என்பதை அவரவர் போனில் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முறை பேன்ட் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினில் துவைபட்டது. காயவைத்துச் செருகினேன், மினுக்கியது.

இதன் அருமையைச் சொல்ல எனக்கு ஒரு டெமோ போதும். வாடிக்கையாளரின் லாகின் பக்கம் மாதிரியே, முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாற்றி, லேபில் ஒரு போலிப் பக்கம் கட்டுவேன். அது நடுவில் நின்று, நீங்கள் தட்டுவதை அப்படியே நிஜத் தளத்துக்குக் கடத்தும். பாஸ்வேர்டு போடுங்கள் என்பேன். போடுவார்கள். ஆப்பில் வரும் ஆறு இலக்க எண்ணையும் போடுவார்கள். அடுத்த நொடி என் திரையில் அவர்களுடைய மெயில்பெட்டி திறந்திருக்கும். அறையில் யாராவது மெதுவாக இருமுவார்கள். அப்புறம் அதே பக்கத்தில் யூபிகீயைக் கொடுப்பேன். பிரவுசர், முகவரி பொருந்தவில்லை என்று அங்கேயே மறுத்துவிடும். சாவி மினுக்கக்கூட மினுக்காது. ஏனென்றால் சாவி பதிவாவதே தளத்தின் பெயரோடு சேர்த்துத்தான். அந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மனிதரிடம் இல்லை.

லேபில் மட்டும் நடக்கிற வித்தை என்று நினைக்க வேண்டாம். 2022இல் கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போலி லாகின் பக்கத்தோடு எஸ்எம்எஸ் வந்தபோது, மூன்று பேர் பாஸ்வேர்டைக் கொடுத்தே விட்டார்கள். எல்லோரிடமும் இதுபோன்ற சாவி இருந்ததால் திருடர்களால் உள்ளே வர முடியவில்லை. அதே ஆட்கள் தொட்ட இன்னொரு நிறுவனமான ட்விலியோவில் உள்ளேயே வந்துவிட்டார்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இதன் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே ஓடும் மென்பொருளை, புதுப்பிக்கவே முடியாது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், ஆனால் ஓட்டை வந்தால் புதுச் சாவிதான் வாங்க வேண்டும். 2024 செப்டம்பரில் அதுதான் நடந்தது. உள்ளேயிருக்கும் இன்ஃபினியான் சிப்பின் நிரலில் ஒரு பக்கவாட்டுக் கசிவை (உள்ளேயிருக்கும் ரகசியத்தை மறைமுகமாக வெளியே காட்டிக்கொடுக்கும் ஓட்டையை) நிஞ்ஜாலேப் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஃபர்ம்வேர் 5.7க்கு முந்தைய 5 வரிசைச் சாவிகள் எல்லாவற்றிலும் அது உண்டு. சுரண்ட வேண்டுமென்றால் சாவியைத் திருடி, உடைத்துப் பிரித்து, விலையுயர்ந்த கருவிகளோடு உட்கார வேண்டும். என் மெயிலுக்காக யாரும் அவ்வளவு மெனக்கெடப் போவதில்லை. ஆனால் வாடிக்கையாளர்களின் அட்மின் கணக்குகளுக்கு மாற்றச் சொல்லித்தான் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்று, 'சிசிசிசி' என்று தொடங்கும் அந்த ஓடிபி. லேப்டாப்பில் செருகியபடியே விட்டுவிட்டுத் தெரியாமல் விரல் பட்டால், 44 எழுத்துகளைக் கடகடவெனத் தட்டி என்டரும் அடித்துவிடும். ஒரு வாடிக்கையாளரின் நிர்வாகக் குழு முன்னால், மீட்டிங் சாட்டில் அதைக் கொட்டினேன். "சார், உங்களை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல" என்றார் ஒருவர். தப்பு என் விரல் மேல்தான். சாவியைத் தயாரிக்கும் யூபிகோவின் செயலியில் அந்த ஓடிபி வசதியை அணைத்துவைக்கலாம், நான் அணைக்கவில்லை. நீங்கள் வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள்.

ஜிமெயில், கிட்ஹப் மட்டும் போதுமென்றால் இந்த 5 வரிசை தேவையில்லை. அதே யூபிகோவின் 'செக்யூரிட்டி கீ' மலிவு, அதுவே தாராளம். கம்பெனி ஸ்மார்ட் கார்டு, பிஜிபி கையெழுத்து (மெயில், கோப்புகளுக்குப் போடும் டிஜிட்டல் கையெழுத்து) என்று போகிறவர்களுக்குத்தான் இது. என் வங்கி இரண்டையுமே ஏற்பதில்லை, அங்கே இன்னமும் எஸ்எம்எஸ்தான். அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்க நினைப்பவர்கள், சாவியைத் தொலைத்தவர் ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிட்டால் என்ன கேட்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓர் இடத்தில் ஊழியர் எண்ணும் பிறந்த தேதியும் சொன்னாலே புதிய சாவியைப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐயாயிரம் ரூபாய்ப் பூட்டு, பக்கத்து ஜன்னல் திறந்து கிடக்கிறது.

எது வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள். 2024 கடைசியில் ஒரு பிராஜெக்ட் முடிந்து, வாடிக்கையாளரின் லேப்டாப்பைப் பெட்டியில் போட்டுப் புனேவுக்குக் கூரியர் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து மெயில் திறக்கப் போனால் கொத்தில் சாவி இல்லை. லேப்டாப்பிலேயே செருகியிருந்திருக்கிறது. அம்மாவின் பீரோவில், அடகுக் கடை ரசீதுகளுக்கு அடியில் வைத்திருந்த இரண்டாவது சாவியால் உள்ளே போய், புனேவுக்குப் போனதைப் பத்து நிமிடத்தில் எல்லாக் கணக்கிலிருந்தும் நீக்கினேன். பிறகு 5.7 உள்ள புதுச் சாவி வாங்கினேன். முன்பு 25 பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் லாகின் பதிவு) பிடித்தது, இதில் 100 பிடிக்கிறது.

பழையது மறுபடி பீரோவுக்குள் போனது. "ஜிமெயில் சாவியை எடுத்த இடத்துலயே வெச்சியா?" என்று அம்மா கேட்டார்.