கிணறு ஒன்று, வளவு எட்டு: மணிக்கணக்கா, மீற்றரா, ஆளுக்கொரு குழாய்க்கிணறா?

மட்டக்களப்புப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்தரையில் குடியிருப்பவர்களுக்கு, தோட்டத்துக்கான கிணற்றுத் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்ற இந்தக் கேள்வி என்றோ ஒரு நாள் வந்தே தீரும். குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, அப்படியே அம்பாறைக் கரையோரம் திருக்கோவில் வரை நிலைமை ஒன்றுதான். மார்கழியில் வளவுக்குள் தண்ணீர் தேங்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் காலையில் நனைத்த பாத்தி மத்தியானம் வெளுத்துக் கிடக்கும்.

எங்கள் ஒழுங்கையில் எட்டு வீடு. கத்தரி, பயற்றை, வெண்டி, மிளகாய், இரண்டு வளவில் வெற்றிலைக்கொடி, எல்லைக்குத் தென்னை. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர் வருகிறது. தோட்டத்துக்குக் கொட்டு (சீமெந்து வளையம்) இறக்கிய ஒரு பழைய பொதுக்கிணறும், எல்லோரும் காசு போட்டு வாங்கிய ஒரு குதிரைவலு மோட்டரும் இருக்கின்றன. பங்கிடுவதற்கு மூன்று வழி பேசப்பட்டது: வீட்டுக்கு இத்தனை நிமிடம் என்று முறை வைப்பது; வீட்டுக்கு ஒரு மீற்றர் பூட்டி எடுத்த அளவுக்குக் காசு கட்டுவது; பொதுக்கிணற்றை விட்டுவிட்டு ஆளுக்கொரு குழாய்க்கிணறு அடிப்பது. முறை வைப்பதையே எடுத்தோம். அதற்காக வாதாடியவர்களில் நானும் ஒருவன், அதனால் என் பக்கச்சாய்வு எது என்பதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

குழாய்க்கிணற்றை முதலில் முடித்துவிடலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை, நினைத்த நேரம் எடுக்கலாம், சண்டை இல்லை. அதன் பக்கம் நியாயமான ஒரு வாதமும் உண்டு. மணல்தரையில் ஒரே கிணற்றில் முழுவதையும் உறிஞ்சுவதைவிட, ஆழமில்லாத பல கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் நிலத்துக்கு நல்லது. ஆனால் அடிக்கிறவர்கள் ஆழமில்லாமல் அடிப்பதில்லை. ‘இன்னும் பத்து அடி போட்டால் வற்றாது’ என்பார்கள். வற்றாதுதான், ஆனால் அந்தப் பத்து அடியில்தான் உவர் இருக்கிறது. அதோடு இடப்பிரச்சினை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பது வழமையான அறிவுரை. 10 பேர்ச்சஸ் காணி என்பது ஏறக்குறைய 52 அடிக்கு 52 அடி. அதில் சொந்தக் குழிக்கும் அயல்வீட்டுக் குழிகளுக்கும் 50 அடி தள்ளி ஒரு கிணறு அடிக்க எங்கே இடம்? பெரிய வளவு உள்ளவர்களுக்குச் சரி, எங்களைப் போன்ற ஒழுங்கைகளுக்கு ஒத்துவராது.

உண்மையான போட்டி முறைக்கும் மீற்றருக்கும்தான். மீற்றரில் நியாயம் கண்ணுக்குத் தெரியும். பெரிய தோட்டக்காரர் கூடுதலாக எடுப்பார், கூடுதலாகக் கட்டுவார். வெளியூரில் வேலை செய்து கிழமைக்கு ஒருமுறை வருகிறவர் எடுக்காத தண்ணீருக்குக் காசு கட்டத் தேவையில்லை. எங்காவது பைப் வெடித்துக் கசிந்தால் வாசிப்பு காட்டிக்கொடுக்கும். புது வீடு வந்தால் இன்னொரு மீற்றரைப் பூட்டினால் போதும். பராமரிப்பில் சில்லறைத் தொல்லை உண்டு: மணல்கிணற்றுத் தண்ணீரோடு வரும் நுண்மணல் மீற்றரின் சக்கரத்தில் சிக்கும், முன்னால் ஒரு வடி பூட்டி அடிக்கடி கழுவ வேண்டும். அது பெரிய விஷயமல்ல. உறவினர் ஒருவருடைய ஒழுங்கையில் மீற்றர் முறை ஓடுவதை ஒரு கோடை மட்டும் பார்த்திருக்கிறேன். கணக்கில் சண்டை வரவில்லை. நீண்ட காலத்துக்கு எப்படி இருக்கும் என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பிறகு ஏன் முறை? மீற்றர் எவ்வளவு எடுத்தோம் என்பதைச் சொல்லும். எப்போது எடுத்தோம், எவ்வளவு வேகமாக எடுத்தோம் என்பதைச் சொல்லாது. எங்கள் மண்ணில் கிணற்றைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அந்த இரண்டும்தான்.

எங்கள் கிணற்றில் இருப்பது ஆற்று ஊற்றல்ல. வாடை மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் கனம் கூடியது. அந்தச் சிறு வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே கிட்டத்தட்ட 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று நிலத்தடி நீரியலில் படிப்பிக்கும் கணக்கு இது. இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர் உள்ள ஒடுங்கிய தரையில், நன்னீரும் உவரும் கலக்கும் தடித்த படை ஒன்று நடுவில் இருப்பதால், 40 அடி முழுமையாகக் கிடைக்காது. ஆனாலும் விதியின் மறுபக்கம் மறக்கக்கூடாதது: மேலே நீர்மட்டம் ஒரு அடி இறங்கி அப்படியே நின்றால், கீழேயிருந்து உவர் அதைப்போலப் பல மடங்கு ஏறுவதற்கு வழி திறக்கிறது.

மோட்டர் ஓடும்போது நடப்பது இன்னும் மோசம். கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் குழியும், அதற்கு நேர் கீழே உவர் கூம்பாக மேலெழும்பும். மெதுவாக, இடைவெளி விட்டு எடுத்தால் கூம்பு எழும்புவதும் அமர்வதுமாக இருக்கும். இடைவிடாமல் இழுத்தால் அது கிணற்றின் அடியைத் தொடும். தொட்ட பிறகு மோட்டரை நிறுத்தினாலும் ஏறின வேகத்தில் இறங்காது, ஏனென்றால் மணலுக்குள் கலந்த உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

இதை எங்கள் கரை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பெரிய விலை கொடுத்துப் படித்தது. சுனாமித் தண்ணீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் இறைத்தார்கள். ஆனால் அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவரும் சேர்ந்து மேலே வந்தது. கிணறுகளைக் கடைசியில் மீட்டது பெரும்பாலும் அடுத்தடுத்து வந்த மழைதான். எங்கள் ஒழுங்கையின் மூலைவீட்டு மாமி அந்தக் காலத்தைக் கண்டவர். ‘கிணத்துக்கும் மூச்சு விட நேரம் குடுக்கணும் மனே, நாக்கில வச்சுப் பாத்தாலே தெரியும்’ என்று அவர் சொன்னதுதான் கூட்டத்தில் பலரை முறையின் பக்கம் திருப்பியது.

மீற்றர் வைத்தால் எல்லோரும் எடுக்கும் நேரம் ஒன்றாகிவிடும் என்பதுதான் என் பயம். வேலை முடிந்து வந்து, பின்னேரம் நான்கரைக்கும் ஆறுக்கும் இடையில் எட்டு வீடும் குழாயைத் திறக்கும். மோட்டர் நிற்காது. கடைசி வீட்டில் நூல்போல வரும், அதற்காக அவர் இன்னும் கூடுதல் நேரம் திறந்துவைப்பார். ஒருவரும் அநியாயம் செய்யவில்லை, எல்லோரும் காசு கட்டுகிறார்கள், ஆனால் கூம்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. அலகுக்கு விலையைக் கூட்டினால் குறைத்து எடுப்பார்கள் என்றார் ஒரு தம்பி. குறைத்து எடுப்பவர் கையில் காசு இல்லாதவராக இருப்பார், கிணற்றுக்கு வேண்டிய ஓய்வு அப்போதும் கிடைக்காது.

முறையில் ஓய்வு அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. எங்களுடையது இப்படி: காலையில் 5 மணி தொடங்கி நான்கு வீடு, பின்னேரம் 4 மணி தொடங்கி நான்கு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் அடிப்படையாக 25 நிமிடம், அதன் பிறகு 15 நிமிடம் மோட்டர் நிற்கும். காலை ஏழே முக்காலுக்குள் முடிந்து, மாலைவரை கிணறு தானாக ஊறும். கிழமைக்கு ஒருமுறை காலைக்காரரும் மாலைக்காரரும் மாறுவார்கள், வரிசையும் ஒரு படி நகரும்.

25 நிமிடம் போதுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் ஒரு லீற்றர். கச்சான் காலத்தில் மரக்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பேர்ச்சஸ் தோட்டம் 253 சதுர மீற்றர். அப்படியென்றால் 1,265 லீற்றர். எங்கள் மோட்டர் நிமிடத்துக்கு 50 லீற்றர் வரை தள்ளும், 25 நிமிடத்தில் 1,250 லீற்றர். இந்த மணலில் அதற்குமேல் ஒரே தடவையில் ஊற்றிப் பயனும் இல்லை. வேரைத் தாண்டிக் கீழே போகும், போகும்போது போட்ட பசளையையும் கரைத்துக்கொண்டு அதே கிணற்றுக்கே போகும். கொஞ்சமாக, நாளாந்தம் ஊற்றுவதுதான் மணலுக்குப் பொருந்தும், முறையும் அப்படித்தான் கொடுக்கிறது.

முறைக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான குறை, நிமிடம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் தண்ணீர் ஒன்றாக இராது என்பது. கிணற்றடி வீட்டுக்கும் ஒழுங்கை முடிவில் உள்ள வீட்டுக்கும் பைப்பின் நீளம் வேறு, உராய்வில் வேகம் குறையும். இதற்குக் கடிகாரத்தை நம்பாமல் வாளியை நம்பினோம். 20 லீற்றர் வாளியை ஒவ்வொரு வீட்டு வாய்க்கும் கொண்டுபோய் நிரம்பும் நேரத்தை எடுத்தோம். கிட்டத்து வீட்டில் 24 செக்கன், கடைசி வீட்டில் 32 செக்கன் என்றால் கடைசி வீட்டின் நிமிடத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டவேண்டும். இந்த வாளிக்கணக்கைச் செய்யாமல் முறை வைக்கிற ஒழுங்கைகளில்தான் சண்டை வருகிறது. மோட்டர் பழையதானால், ஃபுட் வால்வில் கசிவு வந்தால் அளவு மாறும், ஆகவே ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் திரும்ப அளக்க வேண்டும்.

மின்சாரம் நின்றால் முறை யாருடையது? 2022 பங்குனியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்து எழுதிய விதி இது: வெட்டில் போன முறை அடுத்த தடவை முதலாவதாக வரும், ஆனால் ஓய்வு நேரத்தைத் தின்று அதை நிரப்பக்கூடாது. இன்னொரு விதி, முறையை அயலுக்குக் கொடுக்கலாம், விற்கக்கூடாது. அம்மன் கோயில் குளிர்த்திக்கு ஆட்கள் வந்து நிறைகிற கிழமையில் இந்த விட்டுக்கொடுப்பு நன்றாக நடக்கிறது.

முறை வைப்பது எங்கள் மாவட்டங்களுக்குப் புதிதுமல்ல. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களில் வட்டை விதானை (வயல் தண்ணீருக்குப் பொறுப்பானவர்) வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுப் பார்த்த பழக்கம் எல்லோருக்கும் தெரியும். அம்பாறைப் பக்கம் இன்னொரு முன்மாதிரி உண்டு. சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் தண்ணீர் மிகக் குறைவாக இருந்த 1981 சிறுபோகத்தில், கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றின் இடதுகரையில் வாய்க்கால் வாய்க்காலாக விவசாயிகள் கூடி முறை வைத்தார்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கமநல ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பிய இளைஞர்கள் அதற்கு ஊக்கம் கொடுத்தார்கள். மேல்வாய்க்கால்காரர் தங்கள் மடையைச் சில நாள் அடைத்து, மிஞ்சிய தண்ணீரைக் கீழே அனுப்பினார்கள். அங்கே மீற்றரும் இல்லை, விலையும் இல்லை. எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்ற உடன்பாடு மட்டும்தான். அந்தப் பட்டிப்பளை ஆற்றுக் கணக்கை ஒரு கிணற்றடிக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது.

காவலுக்கு ஒரு கருவி வைத்திருக்கிறோம்: கையில் பிடிக்கும் மின்கடத்துதிறன் மானி. தண்ணீரில் உப்புக் கூடினால் அதன் வாசிப்பும் கூடும். கிழமைக்கு ஒருமுறை, மாலை கடைசி முறை முடிந்ததும் அளந்து கொப்பியில் எழுதுகிறோம். பாசன நீருக்கு உலக உணவு விவசாய நிறுவனம் சொல்லும் வழிகாட்டலில் சென்ரிமீற்றருக்கு 700 மைக்ரோசீமன்ஸ் வரை கவலையில்லை. 3,000 வரை படிப்படியாகக் கட்டுப்பாடு தேவை. அதற்கு மேல் கடுமையான சிக்கல். வெங்காயமும் போஞ்சியும் முதலில் வாடும், மிளகாய் அடுத்தது, தென்னை தாங்கும். நாங்கள் வைத்த கோடு 1,500. அதைத் தாண்டினால் எட்டு வீட்டுக்கும் 25 நிமிடம் 15 ஆகும், மானி இறங்கும்வரை. மீற்றர் வைத்திருந்தால் இந்தக் குறைப்பை எப்படிச் செய்வது என்று யோசித்துப் பாருங்கள், விலையை ஏற்றுவதைத் தவிர வேறு பிடி இல்லை.

சொட்டுநீர்க் குழாய் போட்டால் இந்த நிமிடக் கணக்கே மாறும். ஒரு வீட்டில்தான் போட்டிருக்கிறார்கள், மிளகாய்க்கு நன்றாக இருக்கிறது என்கிறார்கள், அதற்குமேல் என் அனுபவம் இல்லை. சூரியசக்தி மோட்டரும் எங்களிடம் இல்லை. அதை வாங்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெயில் ஏறும்போதுதான் அது வேகமாக இழுக்கும், உச்சி நேரம் முழுக்க ஓடும். உயரத் தொட்டி வைத்து, நேரக்கட்டுப்பாட்டுச் சுவிட்சும் பூட்டாவிட்டால் கிணற்றுக்கு ஓய்வே இராது.

எல்லா ஊருக்கும் முறைதான் சரி என்று நான் சொல்லவில்லை. படுவான்கரையில், உவர் பயமில்லாத இறுகிய தரையில், ஊற்று நல்ல கிணறு என்றால் நானே மீற்றருக்குக் கை தூக்குவேன். அங்கே பிரச்சினை பங்கின் அளவு மட்டும்தான், அதை மீற்றர் எங்களைவிட நன்றாகத் தீர்க்கும்.

இப்போது ஒழுங்கையில் ஒன்பதாவது வீடு எழும்புகிறது, அவர்களும் கேட்கிறார்கள். முறையின் கஷ்டம் இங்கேதான். மீற்றர் என்றால் பூட்டிவிட்டுப் போகலாம், முறையில் ஒருவரைச் சேர்த்தால் எட்டுப் பேரின் நிமிடத்திலும் கை வைக்க வேண்டும். ஓய்வைக் குறைத்து இடம் கண்டுபிடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், நான் மறுத்தேன். வீட்டுக்கு மூன்று நிமிடம் விட்டுக்கொடுத்தால் ஒன்பதாவதுக்கு 24 நிமிடம் கிடைக்கும். ஆவணி முடிய கொப்பியில் அளவு 1,500ஐத் தாண்டாமல் இருந்தால் அப்படிச் செய்வதாகப் பேசியிருக்கிறோம்.