பெரியப்பாவின் ஆறாம் தொகுதி: கோவையில் மூன்று வாரம்

பெரியப்பா போன பிறகு அவருடைய புத்தக அலமாரியைத் திறக்க ஒரு வருடம் யாருக்கும் மனம் வரவில்லை. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். "நீ வந்தால்தான் திறப்பேன்" என்று அக்கா, அதாவது பெரியப்பா மகள், சொல்லிவிட்டாள். மூன்று வார விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் ரெடிங்கிலிருந்து கோவைக்குக் கிளம்பினேன். பழைய தாவரப் பட நூல் வைத்திருக்கும் வெளிநாட்டுத் தமிழர் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அலமாரியின் கீழ்த்தட்டில் வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தது ராபர்ட் வைட்டின் 'இகோனெஸ் பிளான்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்', ஆறாம் தொகுதி, 1853. தென்னிந்தியச் செடிகளுக்கு இதைவிட முக்கியமான பட நூல் வேறு இல்லை என்பது என் எண்ணம். 1838இல் சென்னையில் தொடங்கி 15 வருடம் பகுதி பகுதியாக வெளிவந்தது. மொத்தம் 2101 படங்கள். எல்லாம் கல்லச்சு, கறுப்பு வெள்ளை. அதே வைட்டின் இன்னொரு நூலிலிருந்து உதிர்ந்த 11 வண்ணப் படங்களும் ஒரு உறையில் இருந்தன. அந்த வண்ணம் அச்சில் வந்ததல்ல, ஒவ்வொரு தாளிலும் கையால் பூசியது.

வைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த ஸ்காட்லாந்துக்காரர். 1842 முதல் 1853 வரை அமெரிக்கப் பருத்திச் சோதனைக்காகக் கோவையில்தான் இருந்தார். ஓய்வு பெற்றபின் நான் குடியிருக்கும் ரெடிங்குக்குப் பக்கத்தில் கிரேஸ்லி என்ற ஊரில் வாழ்ந்து 1872இல் இறந்தார். அந்த வழியாக எத்தனையோ முறை கார் ஓட்டிப் போயிருக்கிறேன், தெரியாமலேயே.

முதல் இரண்டு நாள் படங்களை எண்ணுவதிலேயே போனது. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இந்த நூல் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. மடிக்கணினியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா எண்ணைப் படிக்க, நான் தாளைப் புரட்டினேன். விற்பதோ பழுது பார்ப்பதோ அப்புறம், முதலில் இதைச் செய்யுங்கள். ஓரங்களில் ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருந்தது. தாள்களில் பழுப்புப் புள்ளிகள். ஒரு படமும் குறையவில்லை. ஆனால் காந்தள் படம் மட்டும் விறைப்பாக நின்றது. பெரியப்பா படுத்த படுக்கையான காலத்தில், கிழிந்த தாளைக் காப்பாற்றுவதாக நினைத்து வீட்டில் யாரோ ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துவிட்டார்கள். கடைக்காரர் பிளாஸ்டிக் உறைக்குள் அடங்குவதற்காகக் கீழ் விளிம்பை வெட்டியிருக்கிறார்.

அந்த விளிம்பில்தான் வரைந்தவர் பெயர் இருந்தது. வைட்டுக்கு முதலில் ரங்கையாவும் அவருக்குப் பின் கோவிந்துவும் வரைந்தார்கள். படத்தின் அடியில் சின்ன எழுத்தில் அவர்கள் பெயரைப் பார்க்கலாம். இந்தியச் செடிகளை வரைந்த நம் ஓவியர்கள் எத்தனையோ பேர் பெயரே தெரியாமல் போனார்கள். அப்படிப்பட்ட காலத்தில் வைட் இவர்கள் பெயரை அச்சில் போட்டார். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லாவிட்டாலும் செய்த மரியாதை மரியாதைதான். ஆகவே பழைய படத்தை யாரிடம் கொடுத்தாலும் முதல் வார்த்தையாக "விளிம்பை வெட்டாதீர்கள்" என்று சொல்லுங்கள். படத்துக்கு ஃபிரேம் போடுகிறவர்களும் பைண்டிங் செய்கிறவர்களும் கட்டிங் மெஷினில் ஓரத்தை நேராக்குவதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள்.

உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் பைண்டிங்குக்கு யார் நல்லவர் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது ஒரு வியாபாரி பின்னாலேயே வந்தார். தொகுதியைப் பிரித்து, படம் படமாகச் சட்டம் போட்டு ஓட்டல்களுக்கு விற்கலாம், பாதிப் பணம் முன்கூட்டியே தருகிறேன் என்றார். உலகம் முழுவதும் இந்த நூல்கள் இப்படித்தான் அழிகின்றன. முழுத் தொகுதியைவிட உதிரிப் படங்களுக்குக் கூடுதல் பணம் வரும்போது கத்தி எடுப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குப் பதில்கூடச் சொல்லவில்லை.

புத்தகத்தை என்னோடு எடுத்துப் போகத்தான் முதலில் ஆசைப்பட்டேன். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 வருடமே போதும். மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. வயது குறைந்த பொருள் என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம். 1853 என்று முகப்பிலேயே அச்சடித்த புத்தகத்துக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு கூரியர் ஏஜெண்ட், "பழைய பேப்பர்னு எழுதி அனுப்பிடலாம் சார், யாரும் பிரிக்க மாட்டாங்க" என்றார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அன்று ராத்திரி கொஞ்சம் வருத்தமாக இருந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால், கோவிந்து வரைந்த மூலப் படங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே எடின்பரோ, லண்டன் கியூ தாவரத் தோட்டங்களில் இருக்கிறது. அச்சுப் பிரதியாவது கோவையில் இருக்கட்டும்.

வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல அலுவலகத்துக்கும் போனேன். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேட்டது நல்லதாயிற்று. பொறுமையாகப் பேசினார்கள். உலர்த்தி ஒட்டிய காந்தள் கொடியின் தாளை என் முன்னால் வைத்தபோது, லேமினேஷன் ஆன எங்கள் படம் நினைவுக்கு வந்து மனசு என்னவோ செய்தது.

டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் பைண்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரைக் கடைசியில் கண்டுபிடித்தோம். எழுபது வயதிருக்கும். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அவருடையதுதான். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டார். அரை மணி நேரம் தையலை மட்டும் பார்த்தார். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது அவர்கள் வழக்கம். துத்தம் நாளாவட்டத்தில் தாளையே அரித்துவிடும், அது வேண்டாம் என்றேன். "அப்ப கோதுமை மாவுல ஸ்டார்ச் மட்டும் எடுத்துக் காய்ச்சுறேன் தம்பி, ஆனா வீட்ல ஈரம் படாம நீங்க பாத்துக்கணும்" என்றார். கிழிசல் ஒட்டுவதற்கான மெல்லிய ஜப்பான் டிஷ்யூ தாளை நான் கொண்டு போயிருந்தேன். அதைக் கையால் கிழித்து ஒட்டினால் ஓரத்து நார் படிந்து ஒட்டு தெரியாது, வெட்டி ஒட்டினால் கோடு விழும் என்று அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்! வண்ணப் படங்களை மட்டும் அவரிடமும் கொடுக்கவில்லை. நீர்வண்ணம், ஒரு சொட்டு ஈரம் பட்டாலே கரையும். அவற்றை அமிலமில்லாத தாள்களுக்கு இடையில் வைத்து வெளிச்சம் படாத பெட்டியில் வைத்தோம்.

காந்தள் படத்தைக் காட்டினேன். பிளாஸ்டிக்கை நகத்தால் ஒரு ஓரம் நெம்பிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "இதை உரிச்சா மையும் கூட வந்துரும். நான் தொட மாட்டேங்க." முடியாததை முடியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தொகுதியின் கடைசியில் ஒரு துணிப்பை தைத்து அதில் அப்படியே வைத்துவிட்டார். கூலி 7,000 ரூபாய், ஐந்து வாரம். நான் அதற்குள் கிளம்பியாக வேண்டும்.

கொடுப்பதற்கு முன் பெரியப்பா ஓரங்களில் பென்சிலில் எழுதியிருந்த தமிழ்ப் பெயர்களை மட்டும் ஒரு ஸ்டூடியோ பையனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்தும் ஸ்கேனர் வேண்டாம், மேலிருந்து கேமராவால் எடுக்கச் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் சென்னையில் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டிக்குப் போனேன். 1812இல் தொடங்கிய நூலகம். அங்கே பழைய நூல் ஒன்றைத் தத்தெடுத்து, அதைப் பழுது பார்க்கும் செலவை நாம் ஏற்கலாம். சொந்தமாக வாங்கி வெளியே கொண்டுபோக முடியாத நம்மைப் போன்றவர்களுக்கு அது நல்ல வழி. நானும் ஒன்றுக்குப் பணம் கட்டினேன்.

போன வாரம் பாய் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். புத்தகம் தயார், அதற்குச் செய்த பெட்டிமேல் என்ன பெயர் ஒட்ட வேண்டும் என்று கேட்டாராம். அக்கா என்னைக் கேட்கவில்லை. அவளாகவே சொல்லியிருக்கிறாள். வாட்ஸாப்பில் படம் வந்தது. நீலக் காலிகோ துணி, வெள்ளைச் சீட்டு, பாயின் பட்டறை எழுத்தில் மூன்று வரி: வைட், ஆறாம் தொகுதி, 1853. படம்: கோவிந்து. தமிழ்ப் பெயர்கள்: அப்பா.