‘லாங் ரேஞ்ச்’ ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் சிக்னல் கோடுகளைச் சான்றாக ஏற்க வேண்டாம்

ஒரே சாதனம் வீடு முழுவதும் எட்டும் என்ற உறுதிமொழியோடு விற்கப்பட்ட ரவுட்டர் ஒன்றை வாங்கி, விற்பனையாளரிடமும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிடமும் மாறி மாறி முறையிட்டும் பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் போனதைப் பற்றி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஒரே உறைக்குள் ஒரே மின்சுற்றுப் பலகையை வைத்து, வெவ்வேறு பெயர்களை ஒட்டி விற்பது இந்தச் சந்தையில் வழக்கம் என்பதால், ஒரு பெயரைத் தவிர்ப்பதால் மட்டும் யாரும் தப்பிவிட முடியாது. விற்கும்போது எதைச் சான்றாகக் காட்டுகிறார்கள், அது ஏன் சான்றே அல்ல என்பது தெரிந்திருந்தால்தான் தப்ப முடியும்.

என் தேவை சிக்கலானதல்ல. ஃபைபர் இணைப்பு தரைத்தளத்தின் முன்னறைக்கு வருகிறது. நான் வேலை செய்யும் அறை மேல்தளத்தின் பின்பக்கம் இருக்கிறது. இடையில் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு செங்கல் சுவர்களும் உள்ளன. இதை வரைபடமாகவே வரைந்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். அந்த அறை மட்டுமல்ல, மொட்டைமாடியிலும் வீடியோ அழைப்பு தடையின்றிப் பேசலாம் என்று அவர்கள் எழுத்திலேயே பதில் தந்தார்கள். பெட்டியின் மேல் நான்கு ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றும் 12 டிபிஐ (ஆன்டெனா அலையை ஒரு பக்கமாகக் குவிக்கும் அளவு, அதாவது அதன் பெருக்கம்), வேகம் 1200 எம்பிபிஎஸ், சுவர்களை ஊடுருவும் தொழில்நுட்பம் என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

பொருத்த வந்த ஊழியர் சாதனத்தை முன்னறையில் வைத்துவிட்டு மேலே வந்தார். தம் கைப்பேசியை நீட்டி, நான்கு கோடுகளில் மூன்று தெரிவதைக் காட்டினார். ‘நிறுவல் திருப்திகரமாக நிறைவுற்றது’ என்ற படிவத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு சென்றார். பின்னாளில் நான் எழுதிய ஒவ்வொரு புகாருக்கும் அந்தப் படிவத்தின் நகலையே பதிலாக அனுப்பினார்கள்.

முதல் வீடியோ அழைப்பிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. மறுமுனையில் இருப்பவர்கள் பேசுவது எனக்கு ஓரளவு தெளிவாகக் கேட்டது. நான் பேசியதுதான் அவர்களுக்குத் துண்டு துண்டாகப் போனது. வேகத்தை அளந்தபோது தரவிறக்கம் சுமாராகவும், பதிவேற்றம் 1 எம்பிபிஎஸ்ஸுக்கும் கீழாகவும் இருந்தது. ரவுட்டருக்குப் பக்கத்தில் அமர்ந்து அளந்தால் இரண்டுமே நன்றாக இருந்ததால், இணைய நிறுவனத்தின் மீது பழி போடவும் வழியில்லை.

புகாரின் பேரில் வந்த தொழில்நுட்ப ஊழியர் செய்ததுதான் எனக்கு உண்மையை விளங்க வைத்தது. அவர் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, நாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வேறொரு நாட்டைப் போட்டு, அனுப்பும் திறனை உச்சத்துக்கு ஏற்றினார். மேல் அறையில் நான்காவது கோடும் எழுந்தது. “இப்போது பாருங்கள் சார், ஃபுல் சிக்னல்” என்றார். அங்கேயே வேகத்தை மறுபடியும் அளக்கச் சொன்னேன். பதிவேற்றம் துளியும் மாறவில்லை. அதற்கு அவரிடம் விளக்கமும் இல்லை.

விளக்கம் உண்மையில் எளிது. கைப்பேசியில் தெரியும் கோடுகள், ரவுட்டர் அனுப்பும் அலை கைப்பேசிக்கு எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. கைப்பேசி அனுப்புவது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை. அலையின் வலிமையை அளக்கும் அலகான டெசிபலில் எத்தனைக்கு எத்தனை கோடு என்பதற்குக்கூடப் பொது விதி கிடையாது; ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வரைகிறார்கள். வைஃபையோ இருவழிப் பேச்சு. ரவுட்டர் அனுப்பும் தரவுக்குக்கூட, கிடைத்தது என்ற ஒப்புகை கைப்பேசியிலிருந்து திரும்பி வர வேண்டும். அது வராவிட்டால் ரவுட்டர் அதையே மீண்டும் அனுப்பும். மின்கலத்தில் இயங்கும் கைப்பேசி சில பத்து மில்லிவாட் அளவிலேயே அலையை வெளியிடுகிறது. ரவுட்டரின் திறனை 100 மில்லிவாட்டிலிருந்து 500 மில்லிவாட்டாக உயர்த்தினால் கைப்பேசிக்கு வந்து சேரும் அலை 7 டெசிபல் கூடும். கைப்பேசியிலிருந்து திரும்பிச் செல்லும் அலை ஒரு டெசிபல்கூட உயராது. கோடு உயர்ந்தும் பதிவேற்றம் அசையாமல் நின்றது இதனால்தான். போதாக்குறைக்கு, ரவுட்டருக்குள் அலையை வலுப்படுத்தும் மலிவான பெருக்கிகள் உச்சத் திறனில் அலையைச் சிதைத்துவிடுவதால், அருகில் கிடைத்துவந்த உயர்ந்த வேகங்களும் குறைய வாய்ப்புண்டு.

நாட்டை மாற்றி வைப்பது சட்டத்தின்படியும் சரியல்ல. எந்தச் சேனலில் (அலைவரிசைக்குள் எண்ணிட்டுப் பிரித்த பகுதியில்) எவ்வளவு திறனோடு ஒலிபரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வரையறுத்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்தே 100 மில்லிவாட் என்பது வரம்பு, அமெரிக்காவில் அதைவிடக் கூடுதலாக அனுமதிக்கப்படுகிறது. மீறினால் பொறுப்பு சாதனத்தை இயக்குபவருடையது. அமைப்பை மாற்றிவிட்டுப் போன ஊழியரை யாரும் தேடி வரப்போவதில்லை. அவர் போன பிறகு எங்கள் வீட்டு அச்சுப்பொறி வலையமைப்பிலிருந்து காணாமலே போனது. தேடிப் பார்த்தால், நாட்டை மாற்றியதும் ரவுட்டர் தானாகவே 13-ஆவது சேனலுக்குத் தாவியிருந்தது. 11-ஆவது சேனலுக்கு மேல் பார்க்கவே தெரியாத சாதனங்கள் பல உள்ளன. எங்கள் அச்சுப்பொறி அவற்றில் ஒன்று. பழைய நாட்டைத் திரும்ப அமைத்து 6-ஆவது சேனலில் நிறுத்தியதும் அது உடனே வந்துவிட்டது.

ஆன்டெனாவின் பெருக்கத்தைப் பற்றி நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அனுப்பும் திறனைப் போலன்றி, நல்ல ஆன்டெனா இரு வழிகளிலும் உதவும். அனுப்புவதைப் போலவே கேட்பதையும் மேம்படுத்தும். ஆனால் ஆன்டெனா புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்குவதில்லை. ஊதிய பலூனை மேலும் கீழும் அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்குவதைப் போல, செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவின் டிபிஐ கூடக் கூட அலை கிடைமட்டத்தில் நீண்டு, மேலும் கீழும் மெலிந்துவிடும். ஒரே தளத்தில் நீண்டு கிடக்கும் வீட்டுக்கு அது நன்மை. மேல்தளத்துக்கு எட்ட வேண்டும் என்பவருக்கு அது பாதகமாகவே முடியலாம். என் வரைபடத்தைப் பார்த்துவிட்டும் 12 டிபிஐ என்பதைச் சிறப்பாகச் சொல்லி விற்றவருக்கு, ஒன்று இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலையில்லை.

இதற்கும் மேலே, அது 12 டிபிஐ ஆக இருக்கவே முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எல்லாப் பக்கமும் பரப்பும் உண்மையான 12 டிபிஐ ஆன்டெனா ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும், கம்பங்களில் பொருத்துவார்கள். பெட்டியில் வந்தவை ஒரு சாண் நீளக் குச்சிகள். அந்த நீளத்துக்கு 5 டிபிஐ என்றாலே ஒப்புக்கொள்ளத் தக்கது.

பணத்தைத் திருப்பித் தர முடியாது என்ற இறுதி மறுப்பு வந்த பிறகு உறையைத் திறந்து பார்த்தேன். நான்கு ஆன்டெனாக்களிலிருந்தும் மெல்லிய கறுப்புக் கம்பிகள் உள்ளே வந்தன. இரண்டு கம்பிகள் பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தன. மற்ற இரண்டும் பலகையின் ஓரத்தில், நடுவிலிருந்த செப்பு இழைகூட உரிக்கப்படாமல், மஞ்சள் நிறப் பசைத் திட்டுக்குள் முடிந்திருந்தன. அவற்றைப் பொருத்தக்கூடிய இடமே பலகையில் இல்லை. அந்த இரண்டு ஆன்டெனாக்களும் எண்ணிக்கைக்காக வைக்கப்பட்ட வெறும் பிளாஸ்டிக். அனுப்பவும் பெறவும் இரண்டிரண்டு ரேடியோப் பாதைகள் மட்டுமே கொண்ட சாதனத்துக்கு நான்கு ஆன்டெனாக்கள் இருப்பது தானாகவே மோசடி ஆகிவிடாது, 2.4-க்கு இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு இரண்டுமாகப் பிரித்துத் தருபவர்கள் உண்டு. எதனோடும் இணையாத ஆன்டெனாவுக்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது.

1200 என்ற எண்ணும் இதே வகையைச் சேர்ந்ததுதான், ஆனால் இது தொழில்துறை முழுவதற்கும் பொதுவான பழக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸில் கோட்பாட்டளவில் கிடைக்கும் 300-ஐயும், 5 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கும் 867-ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் பொதுவாக ஓர் அலைவரிசையில்தான் இணைகிறது. அதைவிட மோசம், என் சாதனத்தின் ஈதர்நெட் துளைகள் அனைத்தும் 100 எம்பிபிஎஸ் வகை. இணையமே அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்னும்போது வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. துளைகளின் வேகம் பெட்டியின் அடிப்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவில் அச்சிடப்பட்டிருந்தது.

இடையில் ஒரு ரிப்பீட்டரையும் வாங்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். ஒரே சாதனம் போதும் என்று எழுதிக் கொடுத்தவர்கள்தாம் இவர்கள். ஒரே ரேடியோவில் கேட்டு அதே சேனலில் மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர், ஒவ்வொரு தரவையும் காற்றில் இருமுறை ஏற்றுவதால், கிடைக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதை மேல் அறையிலேயே, அதாவது சிக்னல் ஏற்கெனவே நலிந்திருந்த இடத்திலேயே, செருகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்.

பணம் கேட்டதற்கு வந்த பதிலில் இரண்டு வாதங்கள் இருந்தன. ஒன்று, மேலே சொன்ன கையொப்பப் படிவம். மற்றொன்று, பெட்டியில் குறிப்பிட்ட தொலைவு ‘வரை’ என்றுதான் இருக்கிறது, அதுவும் தடைகளற்ற திறந்த வெளிக்கு உரியது என்பது. விற்பனையாளர் என் வீட்டு வரைபடத்தைப் பார்த்து எழுதித் தந்த உறுதிமொழியைப் பற்றி எந்தப் பதிலிலும் ஒரு சொல்கூட இல்லை.

கடைசியில் வேலையை முடித்தது ஒரு கேபிள்தான். முன்னறையிலிருந்து மேல் அறைவரை கேட் 5இ கேபிள் ஒன்றை இழுத்து, அதன் முனையில் இரட்டை அலைவரிசை கொண்ட சாதாரண ரவுட்டர் ஒன்றை அக்சஸ் பாயின்டாக, அதாவது கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் சாதனமாக, மாற்றி வைத்தேன். அந்த வகைக் கேபிள் 100 மீட்டர் தொலைவுவரை 1 ஜிபிபிஎஸ் வேகத்தைத் தாங்கும். எந்தச் சுவரும் அதற்குத் தடையில்லை. இரண்டாவது சாதனத்தில் முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைத்து, கேபிளை இணையத்துக்கான ‘வான்’ (WAN) துளையில் அல்லாமல் வீட்டுச் சாதனங்களுக்கான ‘லேன்’ (LAN) துளையில் செருகி, இரண்டுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, சேனலை மட்டும் வேறாக்க வேண்டும். இரண்டின் திறனையும் குறைத்தே வைத்திருக்கிறேன். கூட்டி வைத்தால், மாடிக்கு வந்த பிறகும் கைப்பேசி கீழே உள்ளதையே பிடித்துக்கொண்டிருக்கும். கேபிள் இழுக்க வாய்ப்பே இல்லாதவர்கள் வீட்டின் பல இடங்களில் வைத்து ஒரே வலையமைப்பாக இயங்கும் மெஷ் சாதனங்களை வாங்கலாம். அதிலும், தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ உள்ள மூன்று அலைவரிசைச் சாதனமா என்று பார்த்து வாங்குவது நல்லது. இணைக்கும் சாதனத்தைச் சிக்னல் நலிந்த அறைக்குள் வைக்காமல் பாதி வழியில் வைக்க வேண்டும்.

இன்னும் வாங்காதவர்கள் டிபிஐ எத்தனை, மீட்டர் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஈதர்நெட் துளை 100-ஆ 1000-ஆ, ஒவ்வொரு அலைவரிசையிலும் எத்தனை பாதைகள், ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்புகள் எவ்வளவு காலத்துக்கு வரும், தொலைவான அறையில் வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்ற மாதிரி என்றால், அதன் அடியில் அச்சிட்டிருக்கும் எஃப்சிசி எண்ணைக் கொண்டு அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தரவுத்தளத்தில் தேடலாம்; உறையைத் திறந்து எடுத்த உட்புறப் படங்களும் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். பசைத் திட்டைப் பார்க்க உறையைத் திறந்து உத்தரவாதத்தை இழக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், தொலைவான அறையில் பதிவேற்றத்தை அளந்து, தேதியோடு படம் எடுத்து, அன்றே எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். அலையின் வலிமையை டெசிபலில் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அழைப்புகள் சீராக நடக்க −67 அல்லது அதைவிட நல்ல அளவு (சுழியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது) வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஆனால் அந்த எண்ணும் ஒரு வழியை மட்டுமே காட்டும் என்பதால் பதிவேற்றம் இல்லாமல் அதை மட்டும் தராதீர்கள். நிறுவ வருபவர் படிவத்தை நீட்டினால், அந்த அறையில் அளந்த தரவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் அவர் முன்னிலையிலேயே அதில் எழுதி, அவருடைய கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டு, பிறகு உங்களுடையதைப் போடுங்கள். எழுத இடமில்லை என்றால் பின்பக்கத்தில் எழுதுங்கள்.