சுவருக்குள் போவது சிபிவிசி குழாயா, யுபிவிசி குழாயா? (இரண்டும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்கள்தான்.)

மாடித் தொட்டியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீருக்கு யுபிவிசி போதும், விலையும் குறைவு. கீசரிலிருந்து வரும் வெந்நீர்ப் பாதைக்குச் சிபிவிசிதான். அது 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். யுபிவிசி 60 டிகிரியை நெருங்கினாலே தளர்ந்து தொய்யும்.

இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் வம்பு. இரண்டிலும் முக்கால் இஞ்ச் என்றே இருக்கும். ஆனால் வெளிவிட்டம் சிபிவிசியில் 22.2 மி.மீ., யுபிவிசியில் 26.7 மி.மீ. ஒன்றின் எல்போ (வளைவு இணைப்பு) மற்றதில் உட்காராது, இரண்டு அளவையும் சேர்க்கும் அடாப்டர் வேண்டும். பசையும் வேறு வேறு. ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று பிளம்பர் யுபிவிசி பசையைச் சிபிவிசியில் தடவினால், வெந்நீர் ஓட ஓட மூட்டு விட்டுக் கசியும், அதுவும் டைல்ஸ் ஒட்டிய பிறகு! வெட்டிய முனையில் பிசிறைச் சீவி, பசை தடவிச் செருகி, கால் சுற்று திருப்பி, 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். கீசர் வாயில் பிளாஸ்டிக் மரை வேண்டாம். பித்தளை மரையே போடுங்கள்.