தண்டவாளத்தில் மின்சாரம் இல்லாமல் மூன்று ஆண்டுகள்

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி எங்கள் வீடு. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி 45 மில்லிமீட்டர் அகலத்தில் மாதிரி ரயில் பாதை போட்டிருக்கிறேன். பித்தளைத் தண்டவாளம், ஒரு சுற்று முப்பத்திரண்டு மீட்டர். என் வண்டிகள் உண்மையானவற்றில் 22.5-இல் ஒரு பங்கு அளவு. மீட்டர் கேஜ் பாதையின் ஆயிரம் மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வரும், அதனால்தான் இந்த அகலம். மாம்பலத்தில் வளர்ந்தவன் நான். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931-இல் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்ரயில் 2004-இல் நின்றுபோனது. அதே பாதையில் எழும்பூரிலிருந்து தெற்கே போன டீசல் வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுத்தான் என் பள்ளிநாட்கள் விடிந்தன. அந்தச் சத்தத்தோடு ஒரு வண்டி ஓட வேண்டும் என்பதே இவ்வளவு வேலைக்கும் காரணம்.

முதலில் எல்லாரும் செய்வதைப் போலத் தண்டவாளத்திலேயே மின்சாரம் கொடுத்தேன். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கி, அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1990-களில் தரமாக ஏற்றுக்கொண்ட டிசிசி முறை அருமையானது. ஒவ்வோர் இன்ஜினுக்கும் ஓர் எண் உண்டு. தண்டவாளம் வழியாக வரும் மின்சாரத்திலேயே கட்டளையும் சேர்ந்து வரும். வீட்டுக்குள் மேசைமேல் ஓடும் ரயிலுக்கு இன்றும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் கடற்காற்று படும் மாடியில் பித்தளை இரண்டே நாளில் கறுத்துவிடுகிறது. ஒரு மழை பெய்தால் களிம்பு ஏறிவிடுகிறது. பூஜைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பதைப் போலத் தேய்த்துப் பார்த்தேன். அன்று பளபளத்தது, மறுவாரம் முன்னைவிட மோசமானது. பிறகு நைஸ் உப்புத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணி நேரம் குனிந்து தேய்த்தால் இருபது நிமிடம் ரயில் ஓடும்.

ஒலி சேர்த்த பிறகு இந்தத் தொல்லை இரட்டிப்பானது. சாதாரண இன்ஜின் அழுக்குத் தண்டவாளத்தில் ஒரு நொடி தயங்கிவிட்டுப் போய்விடும். ஆனால் இன்ஜினுக்குள் இருந்து கட்டளையைப் படித்து ஒலி எழுப்பும் ஒலி டீகோடர் ஒரு சிறிய கணினி. மின்சாரம் அரை நொடி விட்டுப்போனாலும் அது அணைந்து மறுபடி எழுகிறது. எழும்போது முதலிலிருந்து தொடங்குகிறது. பாலத்தின் நடுவே நீராவி இன்ஜின் மௌனமாகிவிட்டு மீண்டும் உறுமத் தொடங்குவதைக் கேட்டால் மனம் விட்டுப்போகும்.

2022 தை மாதத்தில் தண்டவாளத்துக்குப் போகும் கம்பிகளை வெட்டினேன். அன்றிலிருந்து என் பாதையில் மின்சாரம் இல்லை. பேட்டரி வண்டியில் இருக்கிறது, கட்டளை காற்றில் வருகிறது. இந்த ஒரு முடிவுக்குப் பிறகு மற்றவை எல்லாம் எளிதாகிவிட்டன. பாதை வளைந்து தன்னையே வந்து சேரும் இடங்களில் முன்பு ஷார்ட் ஆகும்; அதற்கென்று தனிக் கருவி வைத்திருந்தேன். இப்போது அந்தக் கவலையே கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மாடி வடிகால் அடைத்துக்கொண்டு தண்டவாளம் ஒரு நாள் முழுக்க நீருக்குள் கிடந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள், தெருவில் மின்சாரமே வராத நேரத்தில், இலைச் சருகுகளை மட்டும் பெருக்கிவிட்டு வண்டியை ஓட்டினேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் மாடிக்கு வந்துவிட்டார்கள்.

எந்தக் கம்பியில்லா முறை என்பதில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் தோட்ட ரயில் வைத்திருப்பவர்கள் 900 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஏர்வயர் போன்றவற்றை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். அந்த அலைவரிசை அங்கே உரிமமின்றிக் கிடைக்கிறது. நம் நாட்டில் அது கைப்பேசி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. இங்கே புளூடூத், வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் நமக்கு உகந்தது.

என்னிடம் இரண்டு இன்ஜின்கள் உள்ளன. ஒய்.பி. என்ற மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினின் மாதிரியில் சவுண்ட்ட்ராக்ஸ் நிறுவனத்தின் புளூநாமி டீகோடர் இருக்கிறது. மோட்டார் கட்டுப்பாடும் ஒலியும் ஒரே பலகையில். கைப்பேசிச் செயலியிலிருந்து புளூடூத்தில் நேராகக் கட்டளை போகிறது. தண்டவாளத்துக்கான இரண்டு கம்பிகளைப் பேட்டரியோடு இணைத்தேன், அவ்வளவுதான் வேலை. இரண்டு சிலிண்டர் நீராவி இன்ஜினில் சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்கு மூச்சுச் சத்தம் வர வேண்டும்; அதைப் பொருத்த ஒரு மாலைப்பொழுது பிடித்தது. சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வழியிலேயே போகலாம்.

ஒரே ஒரு புதிர் என்னை இரண்டு மாதம் அலைக்கழித்தது. வண்டி வடகிழக்கு மூலைக்குப் போனால் சில நாட்கள் கட்டளை போய்ச் சேரும், சில நாட்கள் சேராது. குறித்து வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: காலையில் வராது, மாலையில் வரும். நடுவே இருப்பது ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. காலையில் மோட்டார் போட்டு நிரப்பியதும் அது அந்த அலைகளை விழுங்கிவிடுகிறது. மாலைக்குள் பாதி காலியாகிவிடுகிறது. மாடியில் பாதை போடுபவர்கள் தொட்டியைத் தங்களுக்கும் வண்டிக்கும் நடுவே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது தென்மேற்கில் ஒரு முக்காலி போட்டு உட்காருகிறேன். முழுச் சுற்றும் எட்டுகிறது.

இரண்டாவது இன்ஜின்தான் என் உயிர். ஒய்.டி.எம்.4 என்ற மீட்டர் கேஜ் டீசல் இன்ஜினின் மாதிரி; உண்மை வண்டியின் உள்ளே இருப்பது ஆறு சிலிண்டர் ஆல்கோ வகை எந்திரம். உடலைப் பிளாஸ்டிக் தகட்டில் நானே செய்தேன். மின்னணுப் பொருட்களுக்குச் சென்னையின் ரிச்சி தெருக் கடைகளுக்குப் போனேன்: வைஃபை உள்ள சிறு கணினிப் பலகையான ஈ.எஸ்.பி.32 இரண்டு, மோட்டார் டிரைவர் ஒன்று, மூன்று வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்று. முதலில் எம்பி3 வாசிக்கும் மலிவான சிறு பலகையைப் போட்டிருந்தேன். ஒலித்துண்டு முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வெற்றிடம் கேட்கும். காரில் போகும்போது ஓட்டுநர் அடிக்கடி கிளட்சை மிதிப்பது போல இருக்கும். ஒலியை வேவ் கோப்பாக மாற்றி, ஈ.எஸ்.பி.32-இன் நினைவகத்திலேயே வைத்து வாசித்த பிறகு அந்த இடைவெளி போயிற்று. மோட்டார் ஓடும்போது ஸ்பீக்கரில் வந்த கீச்சொலி, ஆம்ப்ளிஃபையருக்குத் தனி ரெகுலேட்டரும் ஒரு பெரிய கெப்பாசிட்டரும் போட்டதும் அடங்கியது.

ஒலிக்காகக் குன்னூர் போனேன். சென்னையில் மறைந்துவிட்ட இந்த இன்ஜின் அங்கிருந்து உதகை வரை, பல்சக்கரம் இல்லாத பகுதியில், மலை ரயிலை இழுக்கிறது. நிலையத்தில் நின்றபடி உறுமுவதையும், கிளம்பி ஏற்றத்தில் திணறுவதையும் பதிவுசெய்துகொண்டு வந்தேன். ஸ்பீக்கரை வெறுமனே வைத்தால் தகர டப்பா போலக் கேட்கிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். மூன்றங்குல பிவிசி குழாய்த் துண்டில் பின்பக்கத்தைக் காற்றுப் புகாமல் அடைத்தேன். அதே ஸ்பீக்கர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இவ்வளவும் செய்து முடித்துப் பெருமையோடு எதிர்வீட்டுப் பெரியவரை அழைத்தேன். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். விழுப்புரம் தடத்தில் இதே இன்ஜினை ஓட்டியவர். இரண்டு சுற்று கேட்டார்.

“சத்தம் அதேதான், தம்பி. ஆனால் ஓட்டுவது தப்பு” என்றார்.

“என்ன தப்பு, ஐயா?”

“விசைப் பிடியை ஒரு நாட்ச் ஏற்றினால் முதலில் இன்ஜின் கத்தும். வண்டி அதற்குப் பிறகுதான் அசையும். ஓட்டம் பிடித்ததும் நாட்சை இறக்கிவிடுவோம். வண்டி பறக்கும், இன்ஜின் சும்மா இருக்கும். உங்கள் வண்டி வேகமாகப் போனால் கத்துகிறது, மெதுவாகப் போனால் முனகுகிறது. அப்படி ஓடுவது ஆட்டோ.”

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வேகத்தோடு ஒலியைக் கட்டிவைத்தது என் தவறு. ஒலி சுமையைத் தொடர வேண்டும். நிரலை முழுவதும் மாற்றினேன். கையிலிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் எட்டு நிலைத் திருகு, உண்மை இன்ஜினின் எட்டு நாட்சுக்கு ஈடாக. அது வேகத்தை நேராகச் சொல்லாது, இழுவிசையைச் சொல்லும். முதலில் ஒலி ஏறும்; பெட்டிகளின் எடைக்கு ஏற்பச் சில நொடிகள் கழித்து வேகம் மெல்லக் கூடும். நாட்சை இறக்கினால் இன்ஜின் அடங்கும், வண்டி உருண்டுகொண்டே இருக்கும். பிரேக் தனிக் குமிழ். ரவுட்டர் இல்லாமல் இரண்டு பலகைகளும் நேராகப் பேசிக்கொள்கின்றன. இரண்டு நொடி தொடர்பு அறுந்தால் வண்டி தானே மெதுவாக நின்றுவிடும்படி எழுதியிருக்கிறேன். விலைக்கு வாங்கும் நல்ல டீகோடர்களிலும் ஒலியை வேகத்திலிருந்து பிரிக்கும் வசதி இருக்கிறது. தயவுசெய்து அதைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

பேட்டரி பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 18650 அளவு லித்தியம் செல் எட்டு: நான்கு தொடராக, அப்படி இரண்டு வரிசை, 14.8 வோல்ட். பாதுகாப்புப் பலகையும் ஃபியூஸும் கட்டாயம். முதலில் ஒரு கடையில் கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்ட செல்களை வாங்கி ஏமாந்தேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்பே பெரும்பாலும் 3500-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். அதைவிட மிக அதிகமாக எழுதியிருந்தால் தொடாதீர்கள். பேட்டரியை இன்ஜினுக்குள் வைக்காமல் பின்னால் வரும் சரக்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அக்னி நட்சத்திர வெயிலில் மாடியில் விட்டுவைக்காமல் கழற்றிக் கீழே கொண்டுபோகலாம். 45 டிகிரிக்கு மேல் இந்த வகைச் செல்லை சார்ஜ் செய்யக்கூடாது. புதிதில் மூன்றரை மணி நேரம் ஓடியது. இப்போது இரண்டரை.

பெரியவர் மாலையில் வருகிறார். பெட்டியை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். தொட்டியைத் தாண்டிய வளைவிலேயே நாட்சைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிடுகிறார். இன்ஜின் தாழ்ந்து உறும, ஆறு பெட்டிகளும் உருண்டு வந்து துளசி மாடத்துக்கு எதிரே, நடைமேடையின் சரியான முனையில் நிற்கின்றன. எனக்கு இன்னும் ஒரு பெட்டி தள்ளித்தான் நிற்கிறது.